ஊராத தேர்

ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஆளையோ சுமையையோ கொண்டுசேர்ப்பதே வண்டியின் பயன் என்றும், எவ்வளவு குறைந்த உழைப்பில் எவ்வளவு விரைவாகக் கொண்டுசேர்க்கிறது என்பதே அதன் தரம் என்றும் பெரியவர்களின் உலகம் கணக்கிட்டு வைத்திருக்கிறது. பிள்ளைகள் தாமே செய்துகொள்ளும் வண்டிகள் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. நுங்கு வண்டியைக் கம்பால் தள்ளிக்கொண்டு தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் சிறுவன் வெறுங்கையோடு ஓடியிருந்தால் இன்னும் விரைவாகப் போய்ச் சேர்ந்திருப்பான். வண்டி அவனைச் சுமப்பதில்லை, அவனே வண்டியைக் கொண்டுசெல்கிறான், சென்று சேர்ந்த இடத்திலும் அவனுக்கு வேலை எதுவும் இருப்பதில்லை. பெரியவர்களின் வண்டி உடலின் உழைப்பைக் குறைப்பதற்காகச் செய்யப்படுகிறது என்றால், பிள்ளையின் வண்டி உடலுக்கு உழைப்பதற்கான ஒரு சாக்கைத் தருவதற்காகச் செய்யப்படுகிறது. முன்னதன் குறுவடிவமே பின்னது என்று கருதும் வழக்கம், இரண்டிலும் சக்கரம் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, நோக்கத்தில் அவை எதிரெதிராக நிற்பதைக் காணத் தவறிவிடுகிறது.

சங்கப் புலவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தனர். குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார், தச்சன் செய்து தந்த சிறு குதிரை வண்டியில் ஏறிச் செல்லாவிட்டாலும் அதைக் கையால் இழுத்தே இன்புறும் சிறுவர்களை, தலைவனோடு கூடி வாழாவிட்டாலும் அவனது நட்பைக் கொண்டே மகிழ்ந்திருக்கும் நிலைக்கு உவமையாக்குகிறார். மருதத்திணையைச் சேர்ந்த இப்பாடலின் பொருள் தலைவனின் பிரிவே ஆயினும், உவமை பொருந்த வேண்டுமானால் ஏறிச் செல்லாத வண்டியிலும் இன்பம் உண்டு என்பதைக் கேட்பவர் முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வரும் பிள்ளைகள், தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும்படி செய்யப்பட்டதும் எவரும் ஊராததுமான, அதாவது ஏறிச் செல்லாததுமான, நல்ல தேரை உருட்டி, தளர்நடையின் களைப்புத் தீரச் செவிலியரிடம் பாலுண்டு உறங்கிப்போகிறார்கள். அதே புலவரின் பட்டினப்பாலையில், உலர வைத்த உணவைக் கொத்த வரும் கோழியை விரட்டுவதற்காகப் பெண்கள் எறிந்த கனத்த காதணி, குதிரையில்லாமல் சிறுவர்கள் உருட்டிவரும் முக்காற் சிறுதேரின், அதாவது மூன்று சக்கர விளையாட்டுத் தேரின், வழியை மறித்துக் கிடக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் புகழவே அக்காட்சி அமைந்தது என்றாலும், தேர் உருட்டும் பிள்ளைக்குப் பொன்னும் கல்லும் ஒன்றுதான், இரண்டும் சக்கரத்தைத் தடுப்பவை என்ற செய்தியும் அதனுள் இருக்கிறது.

சக்கரங்கள் மூன்று என்று சொல்லப்பட்டிருப்பதும் கவனிக்கத்தக்கது. இன்றும் திருவிழாக் கடைகளில் விற்கப்படும் நடைவண்டி, முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக மூன்று மரச் சக்கரங்களையும், குழந்தை எழுந்து நின்றால் பற்றிக்கொள்ள ஏற்ற உயரத்தில் ஒரு கைப்பிடியையும் கொண்டது. நான்கு கால்கள் இருந்தால் மேடுபள்ளமான தரையில் ஒன்று அந்தரத்தில் நின்று ஆட்டம் கொடுக்கும். மூன்று கால்களோ எத்தகைய தரையிலும் ஒருசேரப் படிந்துவிடும் என்பதால், மெழுகிய மண் தரையிலும் கல் துருத்திய முற்றத்திலும் நடைவண்டி தள்ளாடுவதில்லை. விழாமல் இருப்பதற்காகக் குழந்தை அதன்மேல் சாய்கிறது, சாய்ந்த எடையால் வண்டி நகர்கிறது, வண்டி நகர்ந்ததால் குழந்தை அடுத்த அடியை எடுத்துவைத்தாக வேண்டியிருக்கிறது. இவ்வாறு மனிதருக்கு வாய்க்கும் முதல் வண்டி அவரைச் சுமக்காமல் நடக்கவைக்கிறது. நடை வந்துவிட்டால் அதன் வேலை முடிந்து, பரணுக்கோ அடுத்த பிள்ளைக்கோ போய்விடுகிறது.

தச்சனிடம் சொல்லிச் செய்வித்த தேர் ஓரளவு வசதியுள்ள வீடுகளுக்கு உரியது. அதன் அருகிலேயே, கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்த வண்டிகளின் மரபு ஒன்றும் தொடர்ந்து வந்திருக்கிறது. மு. கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்ற பெயரில் தமிழாக்கிய சூத்திரகரின் மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகம், இந்த இரண்டு மரபுகளும் உரசிக்கொள்ளும் இடத்திலிருந்தே தன் தலைப்பைப் பெறுகிறது. பொருளிழந்த சாருதத்தனின் மகன் ரோகசேனன், அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியோடு விளையாடிய பிறகு தன் மண் வண்டி வேண்டாமென்று அழுகிறான். கணிகையான வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியில் நிரப்பி, பொன் வண்டி செய்துகொள்ளச் சொல்கிறாள். அந்த நகைகளே பின்னர் சாருதத்தன்மீது சுமத்தப்பட்ட கொலைப்பழிக்குச் சான்றாகிவிடுகின்றன. பிள்ளையின் வண்டி சுமக்க வேண்டாத ஒன்றைச் சுமந்ததால் ஒரு குடும்பம் கழுமரம் வரை போக நேர்ந்தது என்று அந்த நாடகத்தைப் படிக்கவும் இடமுண்டு.

தொல்லியல் தரும் சான்றுகள் இந்தச் சிறிய வண்டிகளின் தகுதியை இன்னும் உயர்த்துகின்றன. ஹரப்பா, மொகஞ்சதாரோ, சான்ஹுதாரோ ஆகிய சிந்துவெளி நகரங்களில் மரத்தால் செய்த பெரிய வண்டிகள் மட்கிப் போயின. சுட்ட களிமண்ணால் செய்த சிறு வண்டிகளும் சக்கரங்களும் ஏராளமாக எஞ்சின. எனவே நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மாட்டுவண்டியின் அமைப்பை அறிஞர்கள் பெரும்பாலும் இந்தச் சிறு உருவங்களைக் கொண்டே மீட்டுருவாக்க வேண்டியிருக்கிறது. மெக்சிகோவிலோ நிலைமை இன்னும் விந்தையானது. ஐரோப்பியர் வருகைக்கு முந்தைய அந்நாட்டு நாகரிகங்கள் போக்குவரத்துக்குச் சக்கரத்தைப் பயன்படுத்தவில்லை. ஆயினும் வேராகுரூஸ் பகுதியிலுள்ள திரெஸ் சபோதெஸ் முதலிய இடங்களில், அச்சும் சக்கரமும் பொருத்தப்பட்ட களிமண் விலங்குருவங்கள் கிடைத்துள்ளன. அவை விளையாட்டுப் பொருள்களா சடங்குப் பொருள்களா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்தொற்றுமை இல்லை என்றாலும், சுமையேற்றும் தேவை எதுவும் தூண்டாமலேயே சக்கரம் பிறந்து நெடுங்காலம் வாழ முடியும் என்பதை அவை மெய்ப்பிக்கின்றன.

தமிழகத்தின் பனைநிலங்களில் பிறந்த நுங்கு வண்டி, கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வண்டி செய்யும் அந்த இரண்டாம் மரபின் செம்மையான வடிவம். சித்திரை, வைகாசி மாதங்களில் பனங்காயைச் சீவி, அதிலுள்ள கண்களிலிருந்து நுங்கை உறிஞ்சியோ தோண்டியோ உண்டபின் எஞ்சும் கூட்டைச் சில பகுதிகளில் கோந்தை என்பர். அதை நறுக்கி ஆடுமாடுகளுக்குத் தீனியாகப் போடும் வழக்கம் இருப்பதால், வண்டி செய்ய விரும்பும் பிள்ளை கால்நடைகளை முந்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு கோந்தைகளை ஒரு சாண் நீளக் குச்சியின் இரு முனைகளிலும் குத்திச் செருகிவிட்டால் சக்கரமும் அச்சும் ஆகிவிடும். நுனியில் கவையுள்ள நீண்ட கம்பொன்றின் பிளவை அந்த அச்சின் நடுவில் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடத் தொடங்கும். ஆணியும் கயிறும் வேண்டாத இந்த அமைப்பில், கவையின் பிளவு திறந்த வாய் கொண்ட தாங்கியாக வேலை செய்கிறது. தள்ளும் விசை இருக்கும்வரை மட்டுமே அச்சு அதனுள் நிற்கிறது, ஓட்டம் தளர்ந்தாலோ கம்பைச் சற்றே தூக்கினாலோ வண்டி கழன்று தனியே உருண்டுவிடுகிறது.

இந்த வண்டியைத் திருப்ப முயலும் பிள்ளை, பொறியியல் நெடுங்காலம் எதிர்கொண்ட ஒரு சிக்கலைப் பெயர் தெரியாமலேயே சந்திக்கிறது. இரண்டு கோந்தைகளும் ஒரே குச்சியில் இறுகப் பொருந்தியிருப்பதால் அவை ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். ஆனால் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கடக்க வேண்டிய தொலைவு உட்பக்கச் சக்கரத்துக்கு உரியதைவிட அதிகம். ஆகவே ஏதேனும் ஒன்று தரையில் சறுக்கியே தீர வேண்டும். புழுதித் தெருவில் இந்தச் சறுக்கல் எளிதாக நிகழ்ந்துவிடுகிறது. கெட்டியான தரையிலோ வண்டி முரண்டுபிடித்துக் கவிழ்கிறது, அல்லது குச்சி செருகிய துளை அகன்று சக்கரம் ஆட்டம் காண்கிறது. மோட்டார் வாகனங்களில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு இதே சிக்கலுக்கான விடைதான். பிள்ளைக்கு அந்த விடை தேவைப்படவில்லை. வளைவை அகலமாக எடுப்பதும், திருப்பத்தில் கம்பின் அழுத்தத்தைக் குறைப்பதும் போதும் என்று கை கற்றுக்கொண்டுவிடுகிறது. சில நாள்களில் கோந்தை வாடிச் சுருங்கி வண்டி பயனற்றுப்போவதும் குறையாகக் கருதப்பட்டதில்லை. பருவம் இருக்கும்வரை அடுத்த வண்டிக்கான பொருள் ஒவ்வொரு நாளும் உண்டு முடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

பனையை அடுத்துப் பிள்ளைகளுக்கு வண்டிப் பொருளை வழங்கியது சைக்கிள். தேய்ந்து கழிக்கப்பட்ட சைக்கிள் டயரை ஒரு குச்சியால் தட்டித் தட்டி ஓட்டுவதும், கம்பிகள் கழற்றிய ரிம்மின் பள்ளத்தில் குச்சியை வைத்துத் தள்ளுவதும் ஊரெங்கும் பரவின. வளையம் உருட்டுவது உலகின் பல பகுதிகளிலும் பழமையான விளையாட்டு. பீட்டர் புரூகல் 1560இல் தீட்டிய, பிள்ளைகளின் விளையாட்டுகளைக் காட்டும் ஓவியத்திலும் வளையம் உருட்டுவோர் இடம்பெறுகிறார்கள். சுழலும் வளையம் ஒரு பக்கம் சாயும்போது உடனே விழாமல் சாய்ந்த பக்கமாகத் திரும்பி ஓடுவதால், டயர் ஓட்டும் சிறுவன் குச்சியைத் தட்டுவதற்கு மட்டுமன்றி, உரிய பக்கத்தில் உரசி அதைச் சாய்த்துத் திருப்புவதற்கும் பயன்படுத்துகிறான். சைக்கிளைச் சமநிலையில் ஓட்டுவதற்குப் பின்னாளில் தேவைப்படும் அறிவின் ஒரு பகுதி இவ்வாறு சைக்கிளில் ஏறுவதற்கு முன்பே அவனது மணிக்கட்டில் குடியேறுகிறது. ரப்பர்ச் செருப்புகள் பரவியபின், அறுந்த செருப்பிலிருந்து வட்டமாக வெட்டியெடுத்த சக்கரங்களும், அச்சாக சைக்கிள் கம்பியும், உடலாகத் தீப்பெட்டியோ பவுடர் டப்பாவோ கொண்ட வண்டிகள் கயிற்றில் இழுபட்டன. ஆகவே பிள்ளைகளின் வண்டிகளை வரிசைப்படுத்தினால் கிடைப்பது, ஒவ்வொரு காலத்திலும் பெரியவர்கள் எதை உண்டார்கள், எதை உடுத்தார்கள், எதில் பயணம் செய்தார்கள், எதைத் தூக்கி எறிந்தார்கள் என்பதன் வரலாறு.

கழிவுக்கும் குழந்தைக்கும் உள்ள இந்த உறவை வால்டர் பெஞ்சமின் 1928இல் வெளிவந்த 'ஒருவழிப் பாதை' என்ற நூலில் சிறிய பகுதியொன்றில் ஆராய்ந்திருக்கிறார். கட்டட வேலை, தையல், தச்சு முதலிய தொழில்களில் மிஞ்சும் துண்டுதுணுக்குகளால் குழந்தைகள் ஈர்க்கப்படுகிறார்கள் என்றும், அவற்றைக் கொண்டு பெரியவர்களின் படைப்புகளைப் போலச் செய்வதைவிட, வெவ்வேறு பொருள்களுக்கிடையே புதிய உறவொன்றை ஏற்படுத்துகிறார்கள் என்றும் அவர் கருதினார். நுங்கு வண்டியில் கோந்தையும் கவைக்கம்பும் அடையும் உறவு அத்தகையதே. உண்பதற்கு உரிய காயும் விறகுக்கு உரிய கம்பும் சேர்ந்து, பெரியவர்களின் உலகில் எதற்கும் பிரதியாகாத ஒரு பொருளாகின்றன.

இந்த வரிசையில் பிள்ளையை உண்மையிலேயே சுமந்த முதல் வண்டி பேரிங் வண்டிதான். பேரிங் என்பது இரண்டு எஃகு வளையங்களுக்கிடையே சிறு எஃகுக் குண்டுகளை அடுக்கி, உராய்வை உருளலாக மாற்றும் உறுப்பு. வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வான் வண்டி அச்சுக்கான குண்டுத் தாங்கிக்கு 1794இல் காப்புரிமை பெற்றார், அது பரவலாக மக்களை வந்தடைந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சைக்கிள் வழியாகத்தான். லாரிப் பட்டறையில் தேய்ந்துவிட்டது என்று கழற்றி எறியப்பட்ட பேரிங், பல டன் சுமையைத் தாங்கும் தகுதியை இழந்திருந்தாலும், ஒரு சிறுவனின் எடைக்கு இன்னும் பல ஆண்டுகள் தாங்கும். பலகையின் பின்புறத்தில் ஒரு கட்டையின் இரு முனைகளிலும் இரண்டு பேரிங்குகளைச் செருகி, முன்புறத்தில் ஒற்றை போல்ட்டில் சுழலும் குறுக்குக் கட்டையில் மூன்றாவதைப் பொருத்தி, அந்தக் கட்டையைக் காலாலோ கயிற்றாலோ திருப்பினால் வண்டி ஆயிற்று. பட்டினப்பாலையின் சிறுதேரைப் போலவே இதற்கும் மூன்று சக்கரங்கள் போதுமானவையாக இருந்தன. ஆனால் புழுதியில் இது ஓர் அடிகூட நகராது. சிமெண்ட் அல்லது தார்ச் சாலையும், சற்றே இறக்கமும், அல்லது முதுகைப் பிடித்துத் தள்ள ஒரு நண்பனும் வேண்டும். புழுதித் தெரு நுங்கு வண்டியைப் பெற்றது, தார்ச் சாலை பேரிங் வண்டியைப் பெற்றது. பிரேசிலின் மேட்டு நகரங்களில் 'கஹின்யோ ஜி ஹோலிமான்' என்றும், கியூபாவில் 'சிவிச்சானா' என்றும் அழைக்கப்படும் வண்டிகள் இதே பேரிங்கையும் பலகையையும் கொண்டு தனித்தனியே உருவானவை. பட்டறைக் கழிவும் இறக்கமும் சந்தித்த இடமெல்லாம் இந்த வண்டியும் பிறந்திருக்கிறது.

சுமக்கத் தொடங்கிய வண்டியில் பெரியவர்களின் நோக்கம் நுழைவதற்கு வெகுநேரம் ஆவதில்லை என்பதற்கு அமெரிக்காவின் சோப்புப் பெட்டி வண்டிப் பந்தயம் சான்று. 1933இல் ஓஹியோ மாநிலத்தின் டேட்டன் நகரில், மைரன் ஸ்காட் என்ற செய்தித்தாள் புகைப்படக்காரர், சிறுவர்கள் பெட்டிப் பலகைகளாலும் பழைய சக்கரங்களாலும் செய்த எஞ்சினற்ற வண்டிகளில் சரிவில் இறங்குவதைக் கண்டு அவர்களுக்கென ஒரு போட்டியை ஏற்பாடு செய்தார். அடுத்த ஆண்டே அது நாடு தழுவிய பந்தயமாகி, 1935இல் அக்ரன் நகருக்கு மாறி, பெருநிறுவன ஆதரவும் பரிசுத்தொகையும் பெற்றது. புவியீர்ப்பு ஒன்றே விசையாக இருக்க வேண்டிய அந்தப் பந்தயத்தில், 1973இல் வென்ற வண்டியின் முனையில் மின்காந்தம் ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. தொடக்கக் கோட்டில் வண்டிகளைத் தடுத்து நிறுத்தும் இரும்புத் தகடு முன்னால் சாயும்போது காந்தம் அதைப் பற்றி வண்டியை முன்னிழுத்துவிடும். சூழ்ச்சியின் பின்னணியில் பெரியவர் ஒருவர் இருந்தார், பட்டம் பறிக்கப்பட்டதோ சிறுவனிடமிருந்து. முந்துவதே நோக்கம் என்று ஆனபின் வண்டி செய்யும் கை யாருடையது என்பது பொருட்படுத்தப்படாமல் போவதில் வியப்பில்லை.

இதுவரை சொல்லப்பட்ட வண்டிகள் ஏறக்குறைய அனைத்தும் சிறுவர்களுடையவை என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். கடவுளையோ தலைவரையோ குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களாகப் பாடும் பிள்ளைத்தமிழ் இலக்கியம் இந்தப் பிரிவினையை வெளிப்படையாகவே பதிவு செய்கிறது. முதல் ஏழு பருவங்கள் இருபாலருக்கும் பொது. இறுதி மூன்றில்தான் பாதைகள் பிரிகின்றன. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குமரகுருபரர் பாடிய முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் சிறுதேர்ப் பருவத்தோடு முடிகிறது; அவரே பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் ஊசற் பருவத்தோடு, அதாவது ஊஞ்சலாடும் பருவத்தோடு, முடிகிறது. ஆண்பிள்ளைக்கு அளிக்கப்பட்ட இயக்கம் தெருவின் நீளத்துக்கு ஓடுவது. பெண்பிள்ளைக்கு அளிக்கப்பட்டது எவ்வளவு உயரம் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவருவது. அமெரிக்கப் பந்தயத்திலும் 1971 வரை சிறுமியருக்கு இடமில்லை. இடம் கிடைத்தபின் 1975இலேயே ஒரு சிறுமி அதை வென்றாள்.

தமிழகத்தில் சிறுவரையும் சிறுமியரையும் பிரித்த இந்தக் கோட்டைக் கடக்க உதவியது சைக்கிள். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரியவர்களின் சைக்கிளில், இருக்கை எட்டாத சிறுவன் மேல்பாருக்குக் கீழே முக்கோணச் சட்டத்துக்குள் ஒரு காலை நுழைத்து, உடலை ஒரு பக்கம் தொங்கவிட்டு ஓட்டும் முறைக்குக் குரங்கு பெடல் என்று பெயர். முழுச் சுற்று மிதிக்க முடியாத நிலையில் பெடலைப் பாதி வரை அழுத்தி மீண்டும் பின்னுக்குக் கொண்டுவர, பின்சக்கரத்தைத் தடுக்காமல் பெடலைப் பின்னால் சுழலவிடும் ஃப்ரீவீல் என்னும் உறுப்பு இடம்கொடுத்தது. பிறருக்காகச் செய்யப்பட்ட வண்டியைத் தன் உடலை மாற்றி அமைத்துத் தனதாக்கிக்கொள்வதும் ஒருவகை வண்டி செய்தலே. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு இணைந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது, அதைப் பதிவு செய்த பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஆண்களுக்கான சைக்கிளையே சில பெண்கள் விரும்பியதாகவும், மேல்பாரில் குழந்தையை உட்காரவைக்க முடியும் என்பதே காரணம் என்றும் எழுதினார். சிறுவனுக்குத் தடையாக இருந்த அதே பார், பிள்ளைப் பருவத்தில் வண்டி மறுக்கப்பட்ட ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அடுத்த தலைமுறையின் இருக்கையாயிற்று.

பிள்ளைகள் தம் கையால் செய்யும் வண்டிகள் அருகிவிட்டன என்று வருந்துவோர் பெரும்பாலும் கடைப் பொம்மைகளைக் குறைசொல்கிறார்கள். ரொலாண் பார்த் 1957இல் வெளிவந்த 'தொன்மங்கள்' நூலில், பெரியவர்களின் உலகைச் சுருக்கித் தரும் பொம்மைகள் குழந்தையைப் படைப்பவராக விடாமல் பயன்படுத்துபவராகவே ஆக்குகின்றன என்று வாதிட்டது இந்தக் குறைக்கு வலுச்சேர்க்கிறது. ஆயினும் கடைப் பொம்மையைக் கொண்டு முழு இழப்பையும் விளக்கிவிட முடியாது. பொன் வண்டி இருந்த காலத்திலும் மண் வண்டி இருந்தது. கழிவும் குறைந்துவிடவில்லை, தண்ணீர் பாட்டிலின் உடலும் அதன் மூடிகளும் குச்சியும் சேர்ந்து வண்டியாவதை இன்றும் காணலாம். 1970களின் பிற்பகுதியில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் பணியாற்றத் தொடங்கிய அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப்பையும் கொண்டு உருவாக்கிய மாதிரிகளும், பின்னர் பல்லாண்டுகள் கழிவுப் பொருள்களிலிருந்து செய்த பொம்மைகளும், பிள்ளைகளின் கை இன்னும் மறக்கவில்லை என்பதையே காட்டுகின்றன.

குறைந்திருப்பது தெரு. பேரிங்கைக் கழிவாகத் தந்து பிள்ளைகளின் வண்டிகளுக்குப் புதிய பொருளை வழங்கிய அதே மோட்டார் வாகனம், அவை ஓட வேண்டிய தரையைத் தனக்கென எடுத்துக்கொண்டது. எங்கும் போய்ச் சேர வேண்டாத வண்டிக்கு, போய்ச் சேர்ந்தே ஆக வேண்டிய வண்டிகளின் பாதையில் இடமில்லை. நுங்கு வண்டியை மரபு விளையாட்டு விழாக்களில் ஆயத்தமாகச் செய்து கொடுத்து ஓடவிடுவதால் இந்தக் குறை தீராது. அங்கே கோந்தையைத் தேடும் உழைப்பும் இல்லை, முடிவுக்கோடு மட்டும் இருக்கிறது. நெதர்லாந்தில் 1970களில் சாலை விபத்துகளில் பிள்ளைகள் இறப்பதை எதிர்த்துப் பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடியபின், வாகனங்கள் நடைவேகத்துக்கு அடங்கிச் செல்ல வேண்டிய 'வோனெர்ஃப்' என்னும் குடியிருப்புத் தெருக்களுக்கு 1976இல் சட்ட ஏற்பு கிடைத்தது. பிள்ளைகள் அங்கே விளையாடுவது தெருவின் முறையான பயன்களில் ஒன்றாயிற்று. தமிழகத்துக் குடியிருப்புகளுக்கும் தேவைப்படுவது அத்தகைய ஓர் ஒழுங்கே. தெரு கிடைத்தால் சக்கரத்துக்கான பொருளைப் பிள்ளைகள் தாமே குப்பையிலிருந்து கண்டெடுத்துக்கொள்வார்கள். அந்த வேலையைப் பெரியவர்கள் அவர்களுக்காகச் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது.